கையெழுத்துப் போடாதீங்க, மச்சான்

அன்புள்ள மச்சான் காலித் அவர்களுக்கு,

தாராவியிலிருந்து முகம்மது ஹனீப் ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் என் வீட்டாரும், உங்கள் வீட்டில் என் தங்கை நூர் நிஷாவும் உங்கள் மகள் சாதியாவும் நலம். பட்டறை நலம், தையல் மெஷின்கள் நலம், மழையும் நேரத்துக்கு வந்துவிட்டது. என் தொண்டை மட்டும் நலமில்லை. அதற்கான காரணம் கடிதத்தின் நடுவில் வரும். பாலைவனத்தில் நீங்களும், நீங்கள் சமைத்துப்போடும் அந்நிய நாட்டுச் சிப்பாய்களும் நலமாக இருக்க துஆ செய்கிறோம். கேம்ப்பில் எல்லோருடைய போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டதால், லீவில் வந்திருக்கும் உங்கள் கூட்டாளி செல்லப்பாண்டியின் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அண்டா குண்டானையெல்லாம் மூட்டை கட்ட ஆள் வேண்டுமென்று கம்பெனி அவனைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறதாம். புதன்கிழமை பிளைட்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கையெழுத்துப் போடாதீங்க. போன வாரம் போனில் நீங்கள் என்ன கேட்டீர்கள்? "படை திரும்பிப் போவுது, எங்க கிச்சனை மூடுதாங்க, கம்பெனிக்காரன் வேற நாட்டு கேம்ப்புக்கு இன்னும் ரெண்டு வருஷம் கையெழுத்துப் போடச் சொல்லுதான், என்ன செய்ய மச்சான்?" என்று கேட்டீர்கள். நான் மூச்சு விடாமல், "போடுங்க, கண்ணை மூடிக்கிட்டுப் போடுங்க" என்றேன். அந்த வார்த்தையை இன்று வாபஸ் வாங்குகிறேன். அவ்வளவு பெரிய நாட்டின் தலைவர் விமானப் படிக்கட்டில் நின்றுகொண்டு, கூட இருந்த மந்திரிக்குக்கூடச் சொல்லாமல், முழுப் படையையும் வாபஸ் வாங்கலாம் என்றால், தாராவியில் பை தைக்கிற ஒருவன் தன் வாய் வார்த்தையை வாபஸ் வாங்கக் கூடாதா? ஏன் வாங்கினேன் என்பதைத்தான் கீழே எழுதுகிறேன். இது ஒரு வெற்றிக் கதை. அடுப்பில் எதையாவது வைத்துவிட்டுப் படிக்க வேண்டாம்.

அந்த அறிவிப்பு வந்த நாளிலிருந்து நம் சந்தில் யாரும் வேலை பார்க்கவில்லை மச்சான். சலூனில் பாதி தாடியோடு ஒரு ஆள் எழுந்து நின்று, படை போனால் எல்லையில் என்ன ஆகும் என்று விளக்குகிறான். வடா பாவ் வண்டிக்காரர், "ஏக் தம் சஹி கியா" என்று தலைவருக்கு ஆதரவு தெரிவித்துவிட்டார். இந்தச் சூட்டோடு சூடாக நம் பேச்சு மன்றத்தின் செயலாளர் பேச்சிராஜா, ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்கூல் ஹாலில் பட்டிமன்றம் என்று அறிவித்துவிட்டார். தலைப்பு: தலைவர் திடீரென்று படையைத் திரும்பப் பெற்றது சரியா, தவறா? செம்பூரிலிருந்து ரிட்டயர்டு தமிழ் டீச்சர் சுப்புலக்ஷ்மி அம்மா நடுவர். ஒரு பக்கம் பேச மாட்டுங்காவிலிருந்து சங்கரன் சார்; முப்பத்தைந்து வருஷம் கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தவர், உலகத்தில் எந்த ஊருக்கும் வழி சொல்வார். இன்னொரு பக்கம் நான்.

நம் மன்றத்தில் யார் எந்தக் கட்சி என்பதை மேடையில் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வோம் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கோ 'தவறு' கட்சிதான் வேண்டும். படை திரும்பினால் என் மச்சானுக்கு வேலை போகும், டோம்பிவிலியில் பார்த்து வைத்த பிளாட் போகும், அப்படியிருக்க நானே மைக்கைப் பிடித்துத் திரும்பியது சரி என்று பேசினால், கேட்கிற தங்கச்சி என்ன நினைப்பாள்? அதனால் பேச்சிராஜாவைத் தனியாகக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்து, ரெண்டு சீட்டிலும் 'தவறு' என்றே எழுதச் சொன்னேன். எதை எடுத்தாலும் எனக்குத் தவறுதானே! பேச்சிராஜா கொஞ்சம் யோசித்தார். "அண்ணாச்சி, இதுல எங்கயோ இடிக்குதே" என்றார். "இடிக்காதுவே, எழுதும்" என்றேன். அன்றே நாற்பது நிமிஷப் பேச்சைத் தயார் செய்துவிட்டேன். சாதியாதான் போனில் விவரமெல்லாம் தேடித் தந்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்து தகராறு என்பதால் எல்லாவற்றையும் இந்தியில் சொல்ல, நான் தமிழில் எழுதிக்கொண்டேன்.

ஞாயிறு காலை ஹால் நிரம்பிவிட்டது. மூன்றாவது வரிசையில் நூர் நிஷா. நடுவர் அம்மா சீட்டு டப்பாவை நீட்டினார். நான் கையை நீட்டியிருக்க வேண்டும். நீட்டினேனா? வீட்டுக்கு வந்த விருந்தாளியை விட்டுவிட்டு நாம் முதலில் சாப்பிட்டுப் பழக்கமில்லையே, வாய் தானாக, "சார், நீங்க முதல்ல எடுங்க" என்றது. சங்கரன் சார், "சே சே, நீர் எடும் ஓய்" என்றார். விட்டேனா? "நீங்க மாட்டுங்காவுலேருந்து வந்திருக்கீங்க, நீங்கதான் எடுக்கணும்" என்று அவர் கையைப் பிடித்து டப்பாவுக்குள் நானே விட்டேன். அவர் பிரித்தார். "தவறு!" என்று படித்தார். நான் அடுத்த சீட்டை எடுத்துப் பிரிக்கப் போகும்போது நடுவர் அம்மா சிரித்துக்கொண்டே, "நீங்க எதுக்குப் பிரிக்கணும் ஹனீப் பாய்? அவருக்குத் தவறுன்னா உங்களுக்குச் சரி. உட்காருங்க" என்றார். மச்சான், உள்ளங்கையில் 'தவறு' என்று எழுதிய சீட்டு. அதைக் காட்டினால் மன்றத்தின் மானம் போகும், காட்டாவிட்டால் என் மானம் போகும். கீழே பேச்சிராஜா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்து நடுவர் அம்மா, "ரெண்டு சீட்டையும் இப்படிக் கொடுங்க, ஃபைல்ல வைக்கணும்" என்று கை நீட்டினார். நான் இருமுவதுபோல் கையை வாய்க்குக் கொண்டுபோய்ச் சீட்டை முழுங்கிவிட்டேன். கெட்டி அட்டை. தொண்டை இன்னும் எரிகிறது.

முதலில் சங்கரன் சார் பேசினார். சும்மா சொல்லக்கூடாது, மடித்து வைத்திருந்த மேப்பை விரித்துத் தொங்கவிட்டு, எந்த வழியாகப் படை வந்தது, எந்த வழியாகப் போகிறது என்று ஸ்கேலால் காட்டினார். "திரும்பிப் போறது தப்புன்னு நான் சொல்லலை. ராத்திரி சாப்பாட்டுக்கு இருப்பேன்னு சொன்ன விருந்தாளி மத்யானமே சொல்லாம கொள்ளாம எழுந்து போறாப்பலே போறதுதான் தப்பு. இவாளை நம்பிக் கூட வேலை பார்த்த அந்த ஊர் ஜனங்களை யார் காப்பாத்துவா? துபாஷியா பேச்சை மொழிபெயர்த்துச் சொன்னவன் நாளைக்குக் காலம்பற வெளியிலே தலை காட்ட முடியுமா?" என்று அவர் கேட்டபோது ஹாலே அசந்துவிட்டது. நான் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன், அவர் பேசியது முழுக்க என் நோட்டில் இருந்தது. நாங்கள் ரெண்டு பேரும் ஒரே பேப்பரைத்தான் படிக்கிறோம் போலிருக்கிறது. மிச்சம் மீதி ஏதாவது வைப்பார் என்று பார்த்தேன், கடைசி வரி வரைக்கும் எடுத்துக்கொண்டார்.

என் முறை வந்தது. நோட்டை மூடி வைத்துவிட்டேன். கையில் ஒன்றுமில்லை, தொண்டையில் சீட்டு. மைக் முன்னால் நின்றதும் எனக்கு அந்த அறிவிப்பு வந்த நாள்தான் ஞாபகம் வந்தது. வந்ததைச் சொன்னேன். "நடுவர் அவர்களே, என் தங்கச்சி மாப்பிள்ளை அந்த கேம்ப்பில் சமையல்காரர். ரெண்டு வருஷம்னு சொல்லிப் போனவர், லீவுக்குக்கூட வராம ஆறு வருஷம் ஆச்சு. ஒவ்வொரு கான்ட்ராக்ட்டும் முடியும்போது, இது ஒண்ணு மட்டும், அடுத்த வருஷம் வந்துருதேன்னு சொல்லுவார். படையும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. கொஞ்சம் கொஞ்சமா வாரேன்னு சொன்ன எந்த மனுசனும் வந்து நான் பாத்ததில்ல. திரும்புறவன் திடீர்னுதான் திரும்பணும். இல்லன்னா திரும்பவே மாட்டான்!" முதல் கைதட்டல் வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். கைதட்டல் கேட்டால் எனக்கு நிற்கத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே. தொடர்ந்தேன். "டிவியில படை வாபஸ்னு சொன்னதும் நாங்க ஆம்பளைங்க எல்லாம் எழவு வீட்டுல உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்துட்டோம். வேலை போச்சே, பிளாட் போச்சேன்னு ஒரே புலம்பல். என் தங்கச்சி மட்டும் பரண்ல ஏறி, ஆறு வருஷமா பாலிதீன்ல சுத்தி வச்சிருந்த மாப்பிள்ளையோட தலகாணிய எடுத்துட்டுப் போய், தகரக் கூரை மேல வெயில்ல போட்டா." இதைச் சொன்னபோது எனக்குக் குரல் உடைந்தது. அட்டையால் அல்ல மச்சான், நிஜமாகவே உடைந்தது. நான் அதைப் பார்த்த அன்றைக்கே புரிந்துகொண்டிருக்க வேண்டும். பார்த்துவிட்டுப் போய்த்தான் உங்களிடம் போனில் கையெழுத்துப் போடுங்கள் என்றேன். எனக்கே என்மேல் வெறுப்பாக வந்தது.

மூன்றாவது வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது. நூர் நிஷா எழுந்துவிட்டாள். முகமெல்லாம் சிவந்திருக்கிறது. "அண்ணே! வீட்டு விஷயத்தை எல்லாம் எதுக்கு மைக்குல பேசுதீய? இறங்குங்க கீழ!" என்று ஒரு சத்தம். ஹால் சிரித்தது. நடுவர் அம்மா விடவில்லை. "நில்லும்மா. மேப் பார்த்துப் பேசினவங்க எல்லாம் பேசியாச்சு. நீ சொல்லு. அந்தத் தலைவர் செஞ்சது சரியா, தவறா?" என்று கேட்டார். நூர் நிஷா முந்தானையைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்: "சரிதான் டீச்சர். ஆனா ரெண்டு நாளைக்கு முன்னாடி சொல்லியிருந்தா நல்லாருக்கும். தலகாணிய வெயில்ல போட்டேன், அரை மணி நேரத்துல மழை வந்து ஊத்திட்டு. இப்பவும் ஈரமாத்தான் கெடக்கு."

கூரை பிய்ந்துவிடும்போல் கைதட்டினார்கள் மச்சான். நடுவர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார். நம்பிக் கூட நின்ற அந்த ஊர் மக்களுக்கு முன்கூட்டிச் சொல்லாதது தலைவர் பேரில் நிற்கிற குற்றம், அதை யாராலும் அழிக்க முடியாது. ஆனால் திரும்பியது சரி, சரி, சரி என்று மூன்று தடவை மேஜையைத் தட்டினார். எனக்குப் பொன்னாடை போட்டார்கள், கோப்பை கொடுத்தார்கள். கோப்பையில் 'கேரம் போட்டி, இரண்டாம் பரிசு' என்று எழுதியிருக்கிறது. போன வருஷம் மிஞ்சியதாம், நீங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சங்கரன் சார் வந்து என் கையைக் குலுக்கினார். "ஓய் ஹனீப், நான் உலக மேப்பைக் கொண்டு வந்தேன், நீர் ஒரு தலகாணியைக் கொண்டு வந்து ஜெயிச்சுட்டீர். நான் என்னத்தைப் பேச!" என்றார். அவரை சயான் ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். வழி நெடுக அந்த மேப்பை நான்தான் சுமந்தேன், நனையவிடவில்லை.

ஆகவே மச்சான், இது இனி என் தனிப்பட்ட யோசனை இல்லை, தாராவி மக்கள் மன்றத்தில் விவாதித்து எடுத்த முடிவு. அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாமல் கிளம்பி வாருங்கள். வந்து என்ன செய்வது என்று கவலைப்பட வேண்டாம். என் பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மெஸ் போட இடம் பேசி வைத்திருக்கிறேன். அங்கே உப்பும் உறைப்பும் இல்லாமல் சமைத்துப் பழகியிருப்பீர்கள், அதை மட்டும் ஏர்போர்ட்டிலேயே மறந்துவிட்டு வரவும். பிளாட் எங்கேயும் ஓடிவிடாது. ஓடினாலும் டோம்பிவிலியிலிருந்து அவ்வளவு சீக்கிரம் யாராலும் ஓட முடியாது, லோக்கல் ட்ரெயின் அப்படி. ஆறு வருஷத்துக்குமுன் விட்டுவிட்டுப் போன சின்னப் பிள்ளை இப்போது என் தோள் உயரம் இருக்கிறாள், அதையும் வந்து பார்க்க வேண்டும்.

பெரியவர்கள் எல்லோரும் ஸலாம் சொல்லச் சொன்னார்கள். சிறியவர்கள் சாக்லேட் கொண்டுவரச் சொன்னார்கள். அல்லாஹ் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பானாக.

வெற்றி பெற்ற மைத்துனர்,
முகம்மது ஹனீப்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து ஒட்டப்போகும் நேரத்தில் சாதியா போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். தலைவர் மனதை மாற்றிக்கொண்டாராம். இன்று காலை, அதே விமானப் படிக்கட்டில் நின்று, படை எங்கேயும் போகாது, அங்கேயேதான் இருக்கும் என்று சொல்லிவிட்டாராம். அப்படியென்றால் உங்கள் கிச்சனை மூடமாட்டார்கள், புதுக் காகிதத்துக்கும் வேலையில்லை. எனவே நான் வாபஸ் வாங்கியதை வாபஸ் வாங்குகிறேன். மேலே எழுதியது எதையும் படிக்காமல் விட்டுவிடவும். இருக்கும் இடத்திலேயே இருங்கள், எப்போதும்போல அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். மெஸ்ஸுக்குப் பேசிய இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து கவரை ஒட்டுகிறேன்.

அண்ணன் வெளியே போயிருக்கும்போது எழுதுகிறேன். அவர்கள் படை இருந்தால் இருக்கட்டும். சமையலுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நீங்கள் வாங்க. நூர் நிஷா.