மூன்று கால் மேடையும் மாமனாரின் ரசமட்டமும்

"ஆடுற மேசைக்கால் அடியில முதமுதலா ஒருத்தன் அட்டையை மடிச்சு வச்சான் பாரு, அன்னைக்கே மனுஷகுலம் சரிய ஆரம்பிச்சிடுச்சு" என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அறிவித்தார்.

கேட்டுக்கொண்டிருந்தது மனைவி மட்டும்தான். அவள் அப்போது சாப்பாட்டு மேசையின் காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

மேசை மூன்று மாதமாகக் குடும்பத்துக்குச் சொந்தமில்லை. அதன் மேல் அவருடைய பொம்மை ராக்கெட்டுகளுக்கு ஒரு மேடை உருவாகிக்கொண்டிருந்தது. முக்கோணப் பலகை, ராக்கெட் பிடித்துக்கொண்டு கிளம்ப நடுவில் இடுப்புயரக் கம்பி, மூலைக்கொன்றாய் மூன்று கால், காலுக்கொரு திருகு. திருகினால் ஏறும், இறங்கும். மேடு பள்ளம் எதுவானாலும் மேடை மட்டமாக நிற்கும். குடும்பம் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டது.

மட்டம் பார்க்க, கொத்தனார் வேலையிலிருந்து ஓய்ந்த மாமனாரின் ரசமட்டம் இரவல் வந்தது. அதன் ஒரு முனைக்கு அடியில் மடித்த அட்டைத் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது.

"அப்பனுக்குத் தப்பாத பொண்ணு!" என்று அவர் அதைப் பிய்த்தார். ராக்கெட் கிளப்பில் காட்டிச் சிரிக்கலாம் என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ரசமட்டத்தைப் பலகைமேல் வைத்துத் திருகினார். அதன் கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நடுவில் வந்து நின்றது.

"என்னங்க, கம்பி சாயுதே?"

"சாயல."

"கொத்தனார் மகளுக்குத் தெரியாதா? சாயுது."

"கண்ணு பொய் சொல்லும்டி. அது சொல்ற பொய்லதான் நம்ம கடையே ஓடுது. குமிழி பொய் சொல்லாது."

ஞாயிற்றுக்கிழமை, மைதானத்துச் சிமெண்டுத் தரையிலிருந்து கிளம்பிய முதல் ராக்கெட் பக்கத்துக் குளத்தில் போய்க் குளித்தது.

"காத்து" என்றார். ஓர் இலைகூட அசையவில்லை.

காற்றுக்கு அசையாதிருக்க, பலகையில் ஒரு செங்கல்லைக் கட்டினார். இரண்டாவது ராக்கெட் அதே குளத்தில், இன்னும் கொஞ்சம் ஆழமான இடமாகப் பார்த்து இறங்கியது.

"செங்கல் கனத்துல திருகு நெகிழ்ந்திருக்கு."

வீட்டுக்கு வந்து, குமிழியை நடுவில் நிறுத்தி, மூன்று திருகுகளையும் பசை ஊற்றி இறுக வைத்தார். இனி அசையாது. உண்மைதான், அசையவில்லை. திருகி மாற்றக்கூடிய மேடை அன்றோடு திருக முடியாத மேடையாயிற்று.

"மூணாவதும் குளத்துக்குப் போச்சுன்னா மேசை எனக்கு. மேடை பரணுக்கு" என்றாள் மனைவி.

"சரி."

"அப்புறம் பேச்சு மாறக்கூடாது."

அடுத்த ஞாயிறு கிளப் மொத்தமும் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தது. குளக்கரையில் தூண்டில் போட்டிருந்தவர் எழுந்து வீட்டுக்குப் போனார். குமிழி நடுவில் நின்றது. கம்பி குளத்தைப் பார்த்தது. கடைக்காரர் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார். இரண்டிலும் குளம்தான்.

செருப்பைச் சரிசெய்கிறவர்போலக் குனிந்தார். சட்டைப்பையிலிருந்த அட்டைத் துண்டை எடுத்து, சத்தமில்லாமல் ஒரு காலுக்கு அடியில் தள்ளினார். கம்பி நிமிர்ந்தது. குமிழி ஓரத்துக்கு ஓடியது. ரசமட்டத்தை எடுத்துக் கைக்குட்டையால் மூடி வைத்தார்.

சீறிக் கிளம்பிய ராக்கெட் நேரே மேலே போய், குடை விரித்து, சமர்த்தாக அவர் காலடியிலேயே வந்து இறங்கியது. ஒரே கைதட்டல். மனைவிகூடத் தட்டினாள்.

"எல்லாம் திருகோட வேலை" என்றார் அடக்கமாக.

ரசமட்டத்தை வாங்கிப்போக வந்திருந்த மாமனார், அதன் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு மேடையின் காலடியை உற்றுப் பார்த்தார்.

"ஒரு முனை தேஞ்ச மட்டம் மாப்ளே இது, நேரா காட்டட்டும்னு நான் அளந்து ஒட்டின அட்டை, உங்க மேடைக்குக் கீழே என்ன பண்ணுது?"