ஒரு பம்பரும் ஓர் அண்டா சாம்பாரும்

அன்றைக்கு அந்தச் சேற்றில் நான் இருந்தேன். என் மனைவி வள்ளி இருந்தாள். அவள் தம்பி செல்வம். சமையல்காரர் பாண்டி அண்ணன். என் ஜீப், செல்வத்தின் ஜீப். அப்புறம், இருநூறு பேருக்கான சாம்பார்.

ஏலப்பாறைக்கு மேலே எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் என் கொழுந்தியாள் மகளுக்குக் கல்யாணம். மேலே தண்ணீர் தட்டுப்பாடு. அதனால் சாம்பாரை மட்டும் டவுனில் வைத்துக் கொண்டுபோனோம். போடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தாயிற்று. பந்திக்கு நேரமாகிவிட்டது. பாதி வழியில், அண்டா இருந்த செல்வத்தின் ஜீப் அச்சு வரைக்கும் புதைந்தது.

நான் இருபது வருஷமாக ஜீப் ஓட்டுகிறவன். (யாரும் எனக்குச் சொல்லித் தரக்கூடாது என்ற நினைப்பும் அதே வயசுதான்.)

செல்வம் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு மஞ்சள் பெல்ட்டை எடுத்தான். எத்தனை டன் தாங்கும் என்று அதிலேயே தைத்திருந்தது.

"இதுல வேட்டிதான் கட்டலாம் மாப்ள" என்றேன்.

என்னிடம் இரும்புக் கம்பி வடம் இருந்தது. மூடிப்போன டீ ஃபேக்டரியில் கிடந்தது, காயலான் கடையில் வாங்கியது. அங்கங்கே இழை பிரிந்திருந்தது. தடிமனாக இருந்தது, அது போதும் எனக்கு.

"மச்சான், கம்பி இளகிக் கொடுக்காது. வெட்டி இழுத்தா எதையாவது பிச்சுக்கிட்டுத்தான் வரும். பம்பர்ல மாட்டாதீங்க. அடியில, வண்டிச் சட்டத்துலயே, சேஸ் கொக்கி இருக்கு."

"அதுக்குச் சேத்துல படுக்கணும். கல்யாண வேட்டிடா."

"ஈரச் சாக்கையாவது கம்பி மேல போடுங்க. பிச்சுக்கிட்டா பறக்காம அமுக்கும்."

"ஏன், கம்பிக்குக் குளிருதா?"

பாரம் குறையட்டும் என்று நாலு பேருமாக அண்டாவை இறக்கி, என் ஜீப்புக்குப் பக்கத்தில் மேடாகப் பார்த்து வைத்தோம். வள்ளி எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னாள்.

"ஏங்க, அண்டாவையும் தள்ளி வைப்போமா?"

"அதுக்கென்ன, காலா ஒடியப்போகுது?"

கம்பியைச் செல்வத்தின் பம்பரிலேயே மாட்டி, தொய்வாக விட்டு, வேகமாக வண்டியை எடுத்தேன். டமார் என்று ஒரு சத்தம். செல்வத்தின் பம்பர் போல்ட்டோடு பிய்ந்து, கம்பி நுனியில் பறந்து வந்தது. என் காதுக்கு ஒரு முழம் தள்ளிப் போயிற்று. நேராக அண்டாவில் மோதியது. அண்டா சாய்ந்தது.

இறங்கினேன். முருங்கைக்காய் ஒவ்வொன்றாகச் சரிவில் உருண்டுகொண்டிருந்தது.

"உப்பு சரியா இருந்துச்சு" என்றார் பாண்டி அண்ணன்.

பிறகு சாம்பார் ஓடிய அதே சேற்றில் படுத்தேன். சேஸ் கொக்கியில் பெல்ட்டை மாட்டினேன். ஆட்களைத் தூரமாக அனுப்பிவிட்டு, தொய்வில்லாமல், லோ கியரில் மெல்ல இழுத்தேன். ஜீப் வந்துவிட்டது. அவ்வளவுதான் வேலை.

லயத்தில் இலை போட்டிருந்தார்கள். சோறும் விழுந்திருந்தது. கொழுந்தியாள் ஓடி வந்தாள். "அத்தான், சாம்பார் எங்க?"

வள்ளி என் வேட்டியைக் காட்டினாள். "இந்தா, பிழிஞ்சுக்க."

இப்போது அந்த மஞ்சள் பெல்ட் மாதிரி ஒன்று என் சீட்டுக்கு அடியிலும் கிடக்கிறது. ஆனால் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், என் ஜீப் சத்தம் கேட்டதும் பந்தியிலிருந்து ஒரு குரல் வருகிறது: "அத்தான் வந்துட்டாரு. நேரா ரசத்த ஊத்துங்கடா."

நான் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

அன்றைக்கு மாப்பிள்ளைக்கு மட்டும் சாம்பார் ஊற்றினோம். அண்டாவில் மிஞ்சியது இரண்டு கரண்டி.