பழைய ரோட்டுக்காரர்

“மலைக்குள்ள பூந்து போறதுக்கா, கடவுள் மலையை வெளியில வெச்சான்?”

எங்க ஹால்வார் மாமா ஒவ்வொரு சுரங்கப்பாதை வாசல்லயும் கேக்குற கேள்வி இது. எங்க நாட்டுல தடுக்கி விழுந்தா ஒரு சுரங்கம். அப்போ அந்தக் கேள்வி எத்தனை தடவை வந்திருக்கும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க. எனக்கு இருபத்திரண்டு வயசு. அதுல பாதி ஜூலை மாசங்கள் அவர் கார் பின்சீட்டுல தான் கழிஞ்சிருக்கு. நான் கணக்குப் போட்டாச்சு.

பழைய ரோட்டுக்காரர்னு ஒரு இனம் இருக்குங்க. பதினோரு மாசமும் ஆபீஸ்ல சாதுவா இருக்கும். ஜூலையில நாடே லீவு விட்டதும் வெளிய வரும். அடையாளம் சொல்றேன், குறிச்சுக்கங்க. முழங்கை தேஞ்ச கம்பளிச் சட்டை. காலுக்கு நடுவுல காப்பி ஃப்ளாஸ்க். பழுப்புச் சீஸ் வெச்ச ரொட்டி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம இருக்க நடுவுல ஒரு காகிதம். வழியில ஓட்டல் இருந்தா, “அங்க வாப்ஃபிள் விக்கிற விலைக்கு ஒரு ஆடு வாங்கலாம்”னு சொல்லிட்டு, அந்த ஓட்டல் வாசல்லயே காரை நிறுத்தி, அந்த ஓட்டல் பெஞ்சுலயே உக்காந்து, நம்ம ரொட்டியைப் பிரிக்கும். சுரங்கம் வந்த பிறகு கவர்மெண்டே மறந்துபோன ரோடு எந்த மலை மேல கிடந்தாலும், அது எந்த வருஷம் போட்டது, எத்தனை வளைவு, எந்த வளைவுல யார் கார் உருண்டது, எல்லாம் மனப்பாடம். சரி, வளைவுல நின்னு காட்சியைப் பாக்குமா? பாக்காது. பாக்குறவங்களைத் திருத்தும். “தம்பி, நீங்க தப்பான பக்கம் பாக்குறீங்க.”

மூடுபனி இருந்தா? அதெல்லாம் ஒரு தடையா! வெள்ளைவெளேர்னு ஒண்ணுமே தெரியாத இடத்துல எங்களை மழையில இறக்கி, கையை நீட்டும். “அதோ, அங்க ஒரு பனியாறு. அதுக்கு இடதுபக்கம் அருவி. எப்படி?”

“பிரமாதம் மாமா.”

“நீ பனியாத்தைப் பாக்கலடா. வலதுபக்கம் பாக்குற.”

இந்த இனத்துக்கு ஒரு ஜோடி இருக்கும், பாவம். எங்க ரான்டி அத்தை. கல்யாணம் ஆகி இருபத்தொம்போது வருஷம், இருபத்தொம்போது ஜூலை, அத்தனையும் மலை உச்சியில இருந்து கீழ மலைகளுக்கு நடுவுல புகுந்து வர்ற கடல் கால்வாயைப் பாத்தாச்சு. அதுல நீலமா தண்ணி, நடுவுல வெள்ளையா எறும்பு மாதிரி ஒரு படகு. இந்த வருஷம் அத்தை கிளம்புறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க: “நான் அந்த எறும்பு மேல உக்காரணும். கீழ இருந்து மேல பாக்கணும். டிக்கெட் எடுத்துட்டேன். புதன்கிழமை, மத்தியானம் மூணு மணி. அதை விட்டா எனக்கு வேற படகு கிடையாது, மறுநாள் வீட்டுக்குத் திரும்பறோம்.”

“மூணு மணி தானே?” மாமா சிரிச்சாரு. “நேரம் கொட்டிக் கிடக்கு.”

புதன்கிழமை வந்துச்சு. லேர்டால்ல இருந்து சுரங்கத்துல போனா படகுத்துறைக்கு அரைமணி நேரம். வாசல் வந்துச்சு. கேள்வியும் வந்துச்சு. கார் மலை ரோட்டுல ஏறிச்சு.

அத்தை கைக்கடிகாரத்தை மட்டும் மணிக்கட்டுக்கு உள்பக்கத்துல இருந்து வெளிப்பக்கம் திருப்பிக்கிட்டாங்க.

பத்து நிமிஷம் ஏறியிருப்போம். ஒரு கார் போற அகலத்துல ரோடு. எதிர்ல இன்னொரு கார். மூக்கோட மூக்கு. உள்ள யாரு? கம்பளிச் சட்டை. ஃப்ளாஸ்க். பக்கத்துல கைக்கடிகாரத்தைப் பாக்குற ஒரு அம்மா. அடக் கடவுளே, அதே இனம்!

ஒதுங்கி வழிவிட அங்கங்க கொஞ்சம் அகலமா இடம் விட்டிருப்பாங்க. யாருக்கு அது கிட்ட இருக்கோ அவர் பின்னால போகணும். சட்டம் அவ்வளவு தான். மாமா கண்ணாடியில பாத்து அளந்தாரு. “நமக்கு அம்பது மீட்டர். அவனுக்கு நாப்பத்தஞ்சு. அவன் தான் போகணும்.” அந்தப் பக்கத்து ஆளும் கண்ணாடியில அளந்தாரு. ஸ்டியரிங்ல இருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் வெச்சாரு. மாமாவும் ஒரு விரல். அப்புறம்?

அப்புறம் ஒண்ணுமில்ல. ஹாரன் அடிக்கலாமே? எங்க ஊர்ல ஹாரன் அடிச்சா யாரோ செத்துட்டாங்கன்னு அர்த்தம். இறங்கிப் போய்ப் பேசலாமே? முன்னப்பின்ன தெரியாத ஆள்கிட்டயா! அதுக்கு ரோட்டுலயே வயசாகிடலாம். ரெண்டு பேரும் இஞ்சினை அணைச்சாங்க. ரெண்டு ஃப்ளாஸ்க்கும் திறந்துச்சு. அவர் கோப்பையைத் தூக்கிக் காட்டினாரு. மாமாவும் தூக்கிக் காட்டினாரு. ஒரு ஆடு வந்து ரெண்டு காருக்கும் நடுவுல படுத்துக்கிச்சு.

“ஹால்வார், மணி ஒண்ணே முக்கால்.”

“அவன் போயிடுவான்.”

“அவனும் அதையே தான் அவன் பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டிருக்கான். பாரு, வாய் அசையுது.”

எனக்கு எதிர்க் கார்ல வாய் அசையுறது தெரியுது, சத்தம் இல்ல. சும்மா இருப்பேனா? பின்சீட்டுல இருந்து குரல் கொடுத்தேன். கரகரன்னு அவருக்கு: “நாப்பத்தஞ்சா? அறுபது இருக்கும்டி!” கீச்சுன்னு அந்த அம்மாவுக்கு: “அறுபதா இருந்தா என்னங்க, காருக்குக் கால் வலிக்குமா?”

“டேய் சிகுர்ட், வாயை மூடு,” மாமா.

“அவன் பேசட்டும். இந்த மலையில அவன் ஒருத்தன் தான் உருப்படியா ஏதோ செய்றான்,” அத்தை.

ரெண்டு மணி. அத்தை இறங்கினாங்க. ஆட்டைச் சுத்திக்கிட்டு மாமா பக்கத்துக் கதவைத் திறந்தாங்க.

“நகரு.”

“ரான்டி, நான் பின்னால போனா அவன் என்ன நெனப்பான்?”

“நீ போகல. நான் போறேன். நீ வேணா அவனைப் பாத்து முறைச்சுக்கிட்டே வா.”

மாமா கோப்பையோட பக்கத்துச் சீட்டுக்கு நகர்ந்தாரு. அத்தை ஒரு கையை சீட்டு மேல போட்டு, திரும்பிப் பாத்து, அம்பது மீட்டரையும் ஒரே இழுப்புல பின்னால போய் ஒதுங்கினாங்க. ஒரு சொட்டு காப்பி சிந்தல. ஆடு எந்திரிச்சு ஒதுங்க, எதிர்க் கார் கடந்து போச்சு. அந்த ஆள் ஒரு விரலைத் தூக்கினாரு. அந்த அம்மா கண்ணாடியை இறக்கி ரெண்டு கையையும் தட்டினாங்க.

“சரி, இப்போ மேல ஏறு,” மாமா.

அத்தை காரைத் திருப்பினாங்க. கீழ்ப்பக்கம்.

“ஏய், வழி அந்தப் பக்கம்!”

“உன் வழி அந்தப் பக்கம். என் படகு இந்தப் பக்கம்.”

சுரங்கம். இருபத்தி நாலு கிலோமீட்டர். மாமா அரையிருட்டுல கூரையைப் பாத்துக்கிட்டே வந்தாரு. பேசாம வந்தாரா? நீங்க வேற! “இப்போ நம்ம தலைக்கு மேல ஒரு ஏரி… இப்போ ரெண்டு பக்கமும் பனிச்சுவர், ஆள் உயரம்… சிகுர்ட், இப்போ இடதுபக்கம் பாரு, என்ன காட்சி!” நான் இடதுபக்கம் பாத்தேன். அவசரப் போன் வெச்ச பெட்டி ஒண்ணு.

மூணு மணிக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது அத்தை கையில ரொட்டிப் பொட்டலத்தோட படகுல காலை வெச்சாங்க, பின்னாலயே நாங்களும். முன்பக்கத்துக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டாங்க. ரெண்டு பக்கமும் மலை வானத்துல இருந்து நேரா தண்ணிக்குள்ள இறங்குது. அருவி விழுந்து, பாதியிலயே புகையாப் போய், அத்தை மூஞ்சி மேல வந்து படுது. அவங்க துடைச்சுக்கல. கழுத்து பின்னால சாஞ்சபடியே இருந்துச்சு. ஒரு மணி நேரம் அப்படியே.

நீங்க சிரிக்கிறீங்க. தெரியுது. சிரிங்க. ஆனா போன வாரம் போன்ல வழி சொல்ற பொண்ணு “வலதுபக்கம் திரும்பவும்”னு அவ்வளவு மரியாதையா சொல்லியும், “அவளுக்கென்ன தெரியும், எனக்கு ஒரு வழி தெரியும்”னு இடதுபக்கம் ஒடிச்சீங்களே? பக்கத்துச் சீட்டுல இருந்தவங்க அப்போ கடிகாரத்தை எந்தப் பக்கம் திருப்பினாங்க, கவனிச்சீங்களா? பின்சீட்டுல யாராவது இருந்தாங்களா? இருந்திருந்தா உங்க குரல்ல பேசிக் காட்டுறது இப்போ எத்தனை வீட்டுல ஓடிட்டிருக்கோ!

கரை நெருங்கும்போது தான் அத்தை திரும்பினாங்க. “இப்போவாவது சொல்லு ஹால்வார். எப்படி இருந்துச்சு?”

மாமா மேல பாத்தாரு, கீழ பாத்தாரு, ஃப்ளாஸ்க் மூடியைத் திருகினாரு.

“எல்லாம் தெரிஞ்சுது ரான்டி, நான் இல்லைங்கல. மலை தெரிஞ்சுது, அருவி தெரிஞ்சுது. படகு ஒண்ணு தான் தெரியல. மேல இருந்து பாத்திருந்தா அதுவும் தெரிஞ்சிருக்கும்.”