டாக்டர் மாமாவின் கார் ஏலம் போன விவரம்

கிழக்குத் தாம்பரம்,
9-11-1971

கர்த்தருக்குள் மதிப்புக்குரிய மச்சான் வேதசிரோமணி அவர்களுக்கு,

தங்கள் தங்கை புஷ்பத்தின் கணவனும், ரெவின்யூ இலாகாவில் முப்பத்திரண்டு வருஷம் குமாஸ்தாவாக உழைத்து, போன ஜூன் மாதம் சந்தனமாலையோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டவனுமாகிய ஜீவரத்தினம் பணிவுடன் எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையால் இங்கே நான் சுகம், புஷ்பம் சுகம், கிணற்றிலும் தண்ணீர் இருக்கிறது. கல்கத்தாவில் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்க தினமும் குடும்ப ஜெபத்தில் நினைத்துக்கொள்கிறோம்.

முதலில் நல்ல செய்தி. டாக்டர் மாமாவின் கார் போன ஞாயிற்றுக்கிழமை ஏலத்தில் விற்றுவிட்டது. மூன்று தரம் சொல்லி, மணி அடித்து, ரசீது போட்டு, எல்லாம் முறைப்படி நடந்தது. மீதியை உட்கார்ந்துகொண்டு படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தால் நல்லது.

தங்களுக்குத் தெரியாதது இல்லை. மாமா கண்ணை மூடுமுன் தன் பேபி ஆஸ்டினை மகனாகிய தங்களுக்கும் மருமகனாகிய எனக்கும் சரிபாதியாக எழுதிவைத்தார். காரில் யாருக்கு எந்தப் பாதி என்று இந்தப் பதினோரு வருஷத்தில் நமக்குள் மனஸ்தாபம் வந்ததில்லை, ஏனென்றால் முழுக் காரும் என் ஷெட்டில்தான் நின்றது. இப்போது தாங்கள் அங்கே ஏதோ பழைய கார் ஏலத்தை வேடிக்கை பார்த்துவிட்டு, சேகரிக்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாகக் கொட்டுகிறார்கள், கிறிஸ்துமஸுக்குள் விற்று என் பாதியை அனுப்பு என்று எழுதினீர்கள். ஏலத்தில் கார் விற்பது எப்படி என்று எண் போட்டு ஏழு யோசனைகளும் அனுப்பினீர்கள். அந்தக் கடிதத்தைப் புஷ்பத்துக்கு மூன்று தரம் உரக்கப் படித்துக் காட்டினேன். அவள் ஜாக்கெட் தைத்துக்கொண்டே கேட்டாள், ஒன்றும் சொல்லவில்லை. பொம்பளைகளுக்கு மோட்டார் விஷயத்தில் என்ன ருசி இருக்கப்போகிறது? எனக்கும் அந்த வண்டிமேல் பாசம் கீசம் ஒன்றும் கிடையாது. ஆகவே தங்கள் ஏழு யோசனைகளையும் ஒரு எழுத்து விடாமல் பின்பற்றினேன் என்பதை இங்கேயே பதிவு செய்துகொள்கிறேன்.

முதல் யோசனை, புது வர்ணம் அடிக்காதே, இருக்கிறதை இருக்கிறபடியே காட்டு என்பது. சரி என்று ஒட்டடையைக்கூடத் தொடவில்லை. துடைக்கிறேன் என்று ஈரத்துணியோடு போன புஷ்பத்தை நான்தான் சத்தம் போட்டுத் திருப்பி அனுப்பினேன். இரண்டாவது, உணர்ச்சிவசப்பட்டு ஏலம் கேட்கிற கூட்டத்தைத் தேடிப் போ என்பது. இதற்காக நான் இரண்டு நாள் யோசித்தேன் மச்சான். மவுண்ட் ரோட்டில் ஏலக்கடைகள் இருக்கின்றன, ஆனால் அங்கே மேஜை நாற்காலியைத் தட்டிப் பார்த்துப் பார்த்துக் கேட்கிறவர்கள்தான் வருகிறார்கள், உணர்ச்சிக்கு எங்கே போவது? நம் தாம்பரத்தில் மனுஷன் தன்னை மறந்து ஏலம் கேட்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். நம் கோயில் அறுப்பின் பண்டிகை! போன வருஷம் காணிக்கையாக வந்த ஒரு பூசணிக்காய் ஏலத்தில் நாற்பது ரூபாய்க்குப் போயிற்று. பூசணிக்கு நாற்பது என்றால் காருக்கு எவ்வளவு என்று தாங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். போதகர் ஐயாவிடம் போய், காணிக்கை ஏலம் எல்லாம் முடிந்த பிற்பாடு கடைசியில் என் காரை எனக்காக விற்றுத் தரவேண்டும், கோயிலுக்குப் பத்தில் ஒரு பங்கு என்றேன். அவரும் மறுக்கவில்லை. "ஒரு சீட்டில் விவரம் எழுதித் தனசிங் அண்ணன்கிட்டே குடுத்துடுங்க" என்றார். தனசிங் நம் சபையின் பொருளாளர், வருஷா வருஷம் ஏலம் விடுகிறவரும் அவர்தான், தொண்டை வெண்கலம். என் கையெழுத்து ஆபீஸ் கையெழுத்து, யாருக்கும் புரியாது என்பதால் புஷ்பத்தை எழுதச் சொன்னேன். எழுதி, மடித்து, அவளே கொண்டுபோய்க் கொடுத்தும் விட்டாள்.

மூன்றாவது யோசனை, வண்டி ஏலத்துக்குத் தன் சொந்த பலத்தில் வந்து நிற்க வேண்டும் என்பது. இங்கேதான் சனியன் பிடித்தது. வண்டியைக் குற்றம் சொல்லமாட்டேன், பதினோரு வருஷம் நின்றவனை எழுப்பி ஓடு என்றால் யார்தான் ஓடுவார்கள்? ஞாயிறு காலை நானும், பக்கத்து வீட்டு ஜெபராஜும் எஞ்சினைக் கிளப்ப மாறி மாறி ஹாண்டிலைச் சுற்றினோம். ஜெபராஜ் ரயில்வே பார்சல் ஆபீஸ்காரர், மூட்டை தூக்கிப் பழகிய தோள், அதுவே இறங்கிவிட்டது. கோயிலில் முதல் மணி அடித்தாயிற்று. வேறு வழியில்லாமல் எதிர் விறகுத்தொட்டிக் கிளியம்மாளிடம் ஓடி, அவள் வண்டிமாட்டை அரைமணி நேரம் கேட்டேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னா சார் இது, மோட்டார வூட்ல வச்சிகினு மாட்டாண்ட வந்து நிக்கிறே? பெட்ரோலு குடிக்கிறது உன் வண்டி, அத்த இஸ்துகினு போறது என் மாடா? சர்தான், சாமி காரியம்னு சொல்றே, ஓட்டிகினு போ. ஆனா கூட்டத்துல என் மாட்டயும் சேத்து ஏலம் வுட்றாதே, பேஜாரா பூடும்" என்றாள். மாமா இருந்திருந்தால் அந்தக் காட்சியைப் பார்த்து மறுபடியும் கண்ணை மூடியிருப்பார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கோட்டும் டையுமாக உட்கார்ந்திருக்க, முன்னால் மாடு, பின்னால் ஜெபராஜ். இப்படியாகக் கோயில் காம்பவுண்டுக்குள் நுழைந்தோம்.

சபையார் இதை என்னவென்று எடுத்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறீர்கள்? அறுப்பின் பண்டிகைக்காக நான் பிரத்தியேகமாக ஜோடித்த ஊர்வலம் என்று! "அடடா, என்ன அழகா செஞ்சிருக்காரு பாரு" என்று ஆளாளுக்கு வந்து கையிலிருந்த காணிக்கையை வண்டிக்குள் ஏற்றினார்கள். வாழைத்தார், பரங்கி, கரும்பு, ஒரு கூடை முட்டை, கால் கட்டிய இரண்டு சேவல். ஆராதனை முடிந்து வெளியே வந்து பார்த்தால் காரில் நான் உட்கார இடமில்லை.

நாலாவது யோசனைப்படி சேகரிக்கிறவர் ஒருவரைத் தேடிப் பிடித்து வரவழைத்திருந்தேன். சுந்தரராமன் என்று ரிடயர்டு பொதுப்பணித்துறை என்ஜினீயர், பெருங்களத்தூரில் தோட்டம் போட்டு ஏற்கெனவே மூன்று பழைய கார்களை நிறுத்திவைத்திருக்கிறார். எலக்ட்ரிக் டிரெயினில் வந்து இறங்கி, சேவல்களை ஒதுக்கிவிட்டு வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "பிரமாதம் சார், ஒட்டடைகூட ஒரிஜினல்! ரெண்டாயிரம் வரைக்கும் போகலாம்னு கொண்டுவந்திருக்கேன்" என்று என் காதோடு சொன்னார். ஐந்தாவது யோசனைப்படி, ஏலத்தைத் தொடங்கிவைக்க நம்மாளாக ஜெபராஜைக் கூட்டத்தில் நிறுத்தி, வேறு யாராவது கேட்டதும் நீ நிறுத்திவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். ஆறாவது யோசனைப்படி, இதற்குக் கீழே விற்கமாட்டேன் என்ற விலையை யாருக்கும் சொல்லாமல் மனத்துக்குள் வைத்துக்கொண்டேன். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ஏழாவது யோசனையைத் தாங்கள் இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தீர்கள்: ஏலம் நடக்கும்போது விற்கிறவன் வாயைத் திறக்கவே கூடாது. மச்சான், அந்த இரண்டு கோட்டால்தான் நான் கெட்டேன். தனசிங் சீட்டைப் பிரித்தார், படித்தார், என்னைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அப்புறம் அந்த வெண்கலத் தொண்டையைத் திறந்து, "அன்பான சபையாரே! தேங்கா குடுத்தவங்க உண்டு, கோழி குடுத்தவங்க உண்டு. ஆனா காலஞ்சென்ற டாக்டர் ஐயா நினைவா அவர் காரையே மாட்டைக் கட்டி இழுத்துக்கிட்டு வந்து கர்த்தருக்குக் காணிக்கையா குடுத்தது நம்ம ஜீவரத்தினம் அண்ணன் ஒருத்தர்தான்!" என்றாரே பார்க்கலாம். கைதட்டல் அடங்க இரண்டு நிமிஷம் ஆயிற்று. போதகர் ஐயா ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "விக்கத்தான் போறீங்கன்னு நெனச்சேன், உங்களைத் தப்பா எடை போட்டுட்டேன், மன்னிச்சிருங்க" என்றார். மன்னித்தேன். வேறு என்ன செய்வது? ஐந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, காணிக்கை இல்லை ஐயா, காசுக்குத்தான் கொண்டுவந்தேன் என்று தாங்கள் சொல்லுவீர்களா? எங்கே, கல்கத்தாவிலிருந்து சொல்லிப் பாருங்கள் பார்ப்போம்.

சரி, நம் பணம்தான் போயிற்று, மாமா பேருக்காவது நல்ல விலை வரட்டும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். அதற்கும் வந்தது ஆபத்து. நம் கோயில் வழக்கம் தங்களுக்கு மறந்திருக்காது. ஏலத்தில் எடுத்த பொருளுக்குப் பணத்தைக் கட்டிவிட்டு, பொருளைத் திரும்ப ஆண்டவருக்கே கொடுக்கிறேன், மறுபடி ஏலம் விடுங்கள் என்பது. அன்றைக்கு ஒரு எலுமிச்சம்பழம் நாலு கை மாறி, நாலு பேரிடமும் பணம் வாங்கிவிட்டு, மறுபடி மேஜைக்கே வந்து உட்கார்ந்திருந்தது. சுந்தரராமன் இதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற சரோஜினி டீச்சர் அவருக்கு மெதுவாக விளக்கம் சொல்லிக்கொண்டிருந்ததையும் பார்த்தேன். டீச்சரைத் தங்களுக்குத் தெரியும், இந்த வட்டாரத்தில் பாதிப்பேருக்கு அ, ஆ போட்டவர். சுந்தரராமன் முகம் வெளுத்து என்னிடம் வந்தார். "ஏன் சார், ரெண்டாயிரத்தைக் கட்டிட்டு வண்டியையும் திருப்பிக் குடுத்துடணுமாமே? டீச்சரம்மா சொன்னா. நான் வெளி மனுஷன், உங்க வழக்கத்தை மீறினா நன்னாயிருக்காது. வண்டியும் இல்லாம பணமும் இல்லாம டிரெயின்ல திரும்பிப் போறதுக்கு எனக்கென்ன தலையெழுத்தா? வரேன்" என்று விடுவிடென்று ஸ்டேஷனைப் பார்த்து நடந்தார். கூப்பிடலாம் என்றால் வாயைத் திறக்கக் கூடாதே!

தனசிங் ஏலத்தைத் தொடங்கினார். ஜெபராஜ் "முந்நூறு" என்றார். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து சரோஜினி டீச்சரின் குரல், "முந்நூற்று அறுபது" என்று வந்தது. நான் ஜெபராஜைப் பார்த்தேன், கண்ணைக் காட்டினேன், புருவத்தைத் தூக்கினேன், இருமினேன். அவர் அசையவில்லை. அப்புறம் கேட்டதற்கு, "வேற ஆள் கேட்டதும் நிறுத்துன்னு சொன்னது நீங்கதானே? அதுவும் டீச்சர்! எனக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுத்தவங்களை எதுத்து நான் ஏலம் கேக்கறதா?" என்கிறார். மற்ற ஆண்பிள்ளைகளுக்கும் அதே பயம்தான் போலிருக்கிறது. ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம், மணி! சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத டீச்சர் நம் காரை முந்நூற்று அறுபது ரூபாய்க்கு எடுத்துவிட்டார். வழக்கப்படி திருப்பியாவது கொடுப்பார் என்று பார்த்தால், பணத்தைக் கட்டிவிட்டு ரசீதை மடித்துப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டார். அதோடு விட்டதா? அவருக்கு வண்டி நிறுத்த இடமில்லையாம், நம் ஷெட்டிலேயே இருக்கட்டும் என்றாராம், புஷ்பமும் தலையை ஆட்டிவிட்டாள். ஆக மச்சான், கார் விற்றும் ஆயிற்று, மறுபடி மாடு கட்டிப் பழைய இடத்துக்கே வந்து நிற்கவும் ஆயிற்று.

தங்கள் பாதியைப் பற்றித் தாங்கள் கவலைப்பட வேண்டாம். போதகர் ஐயா ஜெபத்தில் தங்கள் பேரையும் சேர்த்துச் சொன்னார். ஆசீர்வாதத்தில் சரிபாதி தங்களுக்கு உண்டு, அதில் நான் ஒரு பைசா குறைக்கமாட்டேன். நடந்ததில் என் தப்பு ஏதாவது இருந்தால் சுட்டிக்காட்டவும். புஷ்பம் பாவம், இதில் ஒன்றும் அறியாதவள், அவளை ஒரு வார்த்தை சொல்லவேண்டாம்.

அக்காவுக்கு என் ஸ்தோத்திரம், பிள்ளைகளுக்கு முத்தம். கர்த்தர் தங்கள் போக்கையும் வரத்தையும் காத்து, தங்களுக்கு நீண்ட பொறுமையை அருளுவாராக. நான் ஒரு கல்யாணத்துக்காக ஊரப்பாக்கம் கிளம்புகிறேன். புஷ்பமும் இரண்டு வரி எழுதவேண்டும் என்கிறாள். அடியில் இடம் விட்டிருக்கிறேன். எழுதி, ஒட்டி, அவளே தபாலில் போடுவாள்.

இப்படிக்கு,
தங்கள் நன்மையே கோரும்
ஜீ. ஜீவரத்தினம்

பின்குறிப்பு: அன்புள்ள அண்ணா, புஷ்பம் எழுதுகிறேன். இவர் எழுதியது எல்லாம் நடந்ததுதான், எப்படி நடந்தது என்பதுதான் இவருக்குத் தெரியாது. சீட்டில் இவர் சொன்னபடி நான் எழுதவில்லை. "டாக்டர் ஐயா நினைவாக, குடும்பத்தார் காணிக்கை" என்று நானாக எழுதிக் கொடுத்தேன். அந்த என்ஜினீயரிடம் நம் வழக்கத்தை விளக்கச் சொல்லி டீச்சரை அனுப்பினதும் நான்தான். டீச்சர் கட்டின முந்நூற்று அறுபது ஏழு வருஷமாக ஜாக்கெட் தைத்து நான் சேர்த்த பணம். ரசீது என் பேரில் இருக்கிறது. உங்கள் யோசனைகள் விற்கிறவர்களைவிட வாங்குகிறவர்களுக்குத்தான் நன்றாக உதவுகின்றன அண்ணா. முக்கியமாக வாயைத் திறக்காமல் இருப்பது, அது எனக்கு ஏற்கெனவே பழக்கம்.

அப்பா நோயாளிகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் மருந்துப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அந்த முன் ஸீட்டில் உட்கார்ந்து போனது நான். நீங்கள் ஹாஸ்டலில் இருந்தீர்கள். இவரை அப்போது எங்களுக்கு யாரென்றே தெரியாது. வண்டியை மகனுக்குப் பாதி, மருமகனுக்குப் பாதி என்று எழுதினார் அப்பா, நடுவில் மகள் என்று ஒருத்தி காப்பி ஆற்றிக்கொண்டு நின்றேன். அன்றைக்கு அழுகை வந்தது, அழவில்லை. உங்கள் பாதிக்கு ஈடாக அம்மாவின் இரட்டைவடச் சங்கிலி இருக்கிறது. எனக்கென்று அம்மா சொன்னது, உங்கள் வீட்டு அண்ணி கழுத்தில் நன்றாகவே இருக்கிறது, இருக்கட்டும்.

நேற்று மெக்கானிக் வந்து எஞ்சினைக் கிளப்பிவிட்டார். இவர் மார்க்கெட் போயிருந்தார், தெரியாது. வெள்ளிக்கிழமைதோறும் எனக்கு ஓட்டக் கற்றுத்தருவதாகவும் சொல்லியிருக்கிறார். இவரிடம் மெதுவாகச் சொல்லிக்கொள்கிறேன். கோபிக்கமாட்டார், நல்ல மனுஷர்தான். "உனக்கு வேணுமா புஷ்பம்" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த ஒட்டடையோடு அப்போதே என்னிடம் கொடுத்திருப்பார். கேட்கத்தான் தெரியவில்லை, உங்களைப்போலவே.