தோலை உரிக்கச் சொன்ன தகப்பன்

மேல் லயம், தேயிலைத் தோட்டம்,
கேமரன் மலை.

மதிப்பிற்குரிய மச்சான் ஜெகதீஸ்வரன் அவர்களுக்கு,

உங்கள் தங்கை பாஞ்சாலையும் நானும் உடம்பால் சுகம். மனசைப் பற்றிக் கேட்க வேண்டாம். ஈப்போவில் நீங்கள் எல்லாரும் நன்றாக இருக்க மாரியம்மன் துணை.

மகன் மகேஸ்வரன் சிறுவர் சீர்திருத்தப் பள்ளிக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. தீர்ப்பு மூன்று வருஷம். கூடாத சேர்க்கை என்று ஊர் சொல்கிறது. உண்மையில் அவனை அனுப்பியது என் வாய். தவளை தன் வாயால் கெடும். இந்தத் தவளை பிள்ளையையும் சேர்த்துக் கெடுத்துவிட்டது. திரிங்காப்பில் ஒரு காய்கறிக்காரரின் மோட்டார் சைக்கிளை அவனும் முருகையா மகனும் எடுத்துப்போய் முட்டைக்கோசுத் தோட்டத்துக்குள் விட்டது உங்களுக்குத் தெரியும். தீர்ப்புக்கு முன்னால், விசாரித்து அறிக்கை எழுத அதீரா என்ற மலாய் அதிகாரி வீட்டுக்கு வந்து, பையன் எப்படி என்று கேட்டார். பெற்ற பிள்ளையை அதிகாரி முன்னால் நாமே மெச்சலாமா? வாத்தியாரிடம் சொல்வதையே எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன்: "சொல் பேச்சு கேக்க மாட்டான் மேடம். கண்ண மட்டும் விட்டுட்டு தோல உரிச்சிருங்க." வாத்தியார் என்றால் சிரித்து, "நல்ல பையன்தாங்க" என்பார். இந்த அம்மா ஓர் எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார். முருகையாவோ, "என் மகன் தங்கம்லா, கோயிலத் தவிர எங்கயும் போக மாட்டான்" என்றான். மோட்டாரை ஓட்டியதே அந்தத் தங்கம்தான். தங்கம் வீட்டுக்குப் போனது. அடக்க முடியாத பிள்ளை, தோலை உரிக்கிற தகப்பன் என்று என் மகன் உள்ளே போனான்.

போன வாரம் பார்க்கப் போனேன். இருபது கட்டில், ஆறு பிள்ளைகள். "வருஷா வருஷம் குறையுறாங்க, நல்ல விஷயம்" என்றார் அங்குள்ள காவலர். குறைகிற கணக்கில் என் பிள்ளை மட்டும் சேரவில்லை. ஆள் குறைந்ததால் அந்த இடத்தை மூடி, ஒரு நாள் பஸ் தூரத்துக்கு மாற்றப்போகிறார்களாம். "அப்பா, நெசமாவே என்னைய அப்படித்தான் நெனைச்சீங்களா?" என்று கேட்டான். வழக்கத்துக்குச் சொன்னேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? பஸ்ஸில் கம்போங் ராஜா வரைக்கும் அழுதேன்.

பொறுப்பான உறவினர் ஏற்றுக்கொண்டால் முன்னதாகவே விடுவார்களாம். தாய்மாமன் என்று உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறேன். வேறு வழி இல்லை. யார் கேட்டாலும் அவனைக் கூச்சப்படாமல் புகழுங்கள்.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி.

இப்படிக்கு,
இருளப்பன்

பி.கு.: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் அதீரா போன் செய்து, மாமா எப்படிப்பட்டவர் என்று கேட்டார். சொந்த மச்சானை நானே எப்படி மெச்சுவது? "ஏதோ இருக்காரு மேடம், பெருசா சொல்லிக்கிற மாதிரி ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் எழுதிக்கொண்டிருந்தார்.