தேவாங்கு எழுதிய சோம்பல் நிரல்

ஒரு காட்டில், சிங்கராஜாவின் சாப்பாட்டு அலுவலகத்தில் கர்த்தபன் என்றொரு கழுதை கணினி நிரல் எழுதி வந்தது. வேலை என்றால் உயிரை விடும் ரகம். அதில் அதற்குப் பெருமை வேறு.

"நோயில்லாத முயலா மூணு, குளிப்பாட்டிக் கொண்டா" என்று ராஜா காலையில் கர்ஜிப்பார். கர்த்தபன் நாலாயிரம் முயல்களையும் வரிசையில் நிறுத்தி நிரலை ஓட்டும். முதலில் அத்தனைக்கும் நாடி பார்க்கும். தேறியவை அத்தனையையும் குளிப்பாட்டும். பிறகு மூன்றை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஈரத்தோடு வீட்டுக்கு அனுப்பும். அதற்குள் ராஜாவுக்குப் பசியில் கண் இருட்டிவிடும்.

பக்கத்து மேஜைக்கு மந்தகன் என்ற தேவாங்கு வேலைக்கு வந்தது. வரிசைகளுக்கென்று நிரல்மொழியில் இருந்த கட்டளைகள் அதற்குப் போதவில்லை. தானே சில சோம்பல் கட்டளைகளை எழுதி ஒட்டவைத்தது. 'வடிகட்டு' என்றால் வடிகட்டாது. வடிகட்ட வேண்டும் என்று குறித்து வைத்துக்கொள்ளும். 'குளிப்பாட்டு' என்றாலும் அப்படித்தான். கடைசியில் யாராவது 'எடு' என்றால்தான் ஒவ்வொரு முயலாகக் கூப்பிட்டு, நாடி பார்த்து, குளிப்பாட்டி நீட்டும். கேட்ட கணக்கு முடிந்ததும் நின்றுவிடும்.

"ஆச்சாப்பா?" என்றார் ராஜா.

"ஆயிடுச்சுங்க ராஜா," என்றது மந்தகன். ஒரு முயலும் வளையை விட்டு வெளியே வந்திருக்கவில்லை.

"அப்போ எடு!"

மூன்றே மூன்று முயல்கள் வந்தன. ராஜா அசந்துபோனார்.

கர்த்தபனுக்கு வயிறு எரிந்தது. "ஒண்ணுமே செய்யாம ஆயிடுச்சுன்னு எப்படிப்பா வாய் கூசாம சொல்றே?"

"குறிச்சு வெச்சாச்சுல்ல சார்? கேட்டாத்தானே செய்யணும்."

கோடையில் முயல்கள் கூண்டோடு பக்கத்துக் காட்டுக்குக் கிளம்பிவிட்டன. ராஜா இருவருக்கும் ஒரே ஆணையை அனுப்பினார்: "குமாஸ்தாக்கள் தங்களைத் தாங்களே கழுவி, மிளகாய்த்தூள் தடவி, இலையில் வந்து படுக்கவும்."

மந்தகன் அதையும் குறித்து வைத்துக்கொண்டு, "ஆயிடுச்சுங்க ராஜா" என்று பதில் போட்டுவிட்டுத் தூங்கப் போனது.

கர்த்தபனோ ஆணையைப் பாதி படிக்கும்போதே குளத்தில் இறங்கிவிட்டது. காதுக்குப் பின்னால்கூட விடாமல் தூளைத் தடவிக்கொண்டு வந்து படுத்தது. பக்கத்து இலை காலியாக இருந்ததைப் பார்த்ததும் அதற்குச் சந்தோஷம் தாங்கவில்லை, பாவம்.

"ராஜா, இன்னிக்கு நான்தான் முதல்ல!"

ராஜா வயிறாரச் சாப்பிட்டு, ஏப்பம் விட்டுச் சாய்ந்தார். மந்தகன் குறித்து வைத்திருந்ததை 'எடு' என்று சொல்ல அவருக்கு அவசியம் இருக்கவில்லை. மந்தகன் இப்போது தலைமை நிரலாளர்.

நீதி: எந்த வேலையையும் "ஆயிடுச்சு" என்று சொல்லிக் குறித்து வையுங்கள்; சுறுசுறுப்பான ஒருவர் பக்கத்து மேஜையில் இருக்கும்வரை உங்கள் முறை வராது.