ஆயிரத்தில் முந்நூற்றெண்பத்தேழு போன படலம்

வாழ்க, வண்ணக்குழம்பு தோய்ந்த விரல்களை உடையோன்! வாழ்க, கடைக் கண்ணாடியின் உட்புறம் நின்று, தெருவில் போவோர் நேராகப் படிக்கும்படி எழுத்துகளைத் திருப்பி எழுதும் திறல்மிகு பெயிண்டர்! தூரிகையே வேலாக, ஏணியே யானையாக, டர்பன்டைன் வாடையே வெற்றிச் சந்தனமாகக் கொண்டு, முடிதிருத்தகம் முதல் பல் மருத்துவமனை வரை அத்தனை கண்ணாடிகளையும் வென்றடக்கிய அம்மாவீரன், ஓய்ந்த மாலைகளில் சும்மா இருக்க மாட்டாமல், பிள்ளைகளுக்கு இணையவழியே எளிய கணக்குச் சொல்லித் தரும் தன்னார்வலர் படையில் சேர்ந்து, தன் முதல் வகுப்பிலேயே நிகழ்த்திய பெரும்போரை யாம் உரைக்கப் புகுகிறோம். சிக்னல் தெய்வமே, சிதறாமல் நில். சார்ஜர் தேவியே, பிளக்கை விட்டு நழுவாதே.

திரையின் மறுகரையில் அமர்ந்திருந்தாள் ஒரு பத்து வயது வீராங்கனை. பள்ளிக் கால்பந்து அணியின் கோல்கீப்பர். தோழியர் சூட்டிய பட்டம் 'செவுரு'. எப்பந்துக்கும் அஞ்சாத அப்பெண்சுவர், கழித்தல் கணக்கு என்னும் கடுங்காற்றில் இடிந்து விழுந்திருந்தது. "கணக்குல ஃபெயிலானவங்களுக்கு கிளவுஸ் கிடையாது" என்பது விளையாட்டு ஆசிரியையின் அரசாணை. மறுதேர்வோ நாளைக் காலை. அதிலும் தோற்றால், சனிக்கிழமை ஆட்டத்தில் அக்கையுறைகள், பந்து வருவதைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்ளும் இன்னொருத்தியின் கைகளுக்குப் போய்விடும். போரின் காரணம் இதுவே. சீதனமும் இல்லை, சிம்மாசனமும் இல்லை. ஒரு ஜோடி ரப்பர் கையுறை.

தன்னார்வலர் படை தன் வீரர்க்கு வழங்கும் ஆயுதம், திரையிலேயே எழுதும் வெள்ளைப் பலகை. பளிங்குபோல் வழுக்கும் கண்ணாடியில் அளவுகோலின்றி நேர்கோடு இழுத்த அந்தக் கை, மவுஸ் என்னும் எலியைப் பிடித்து அப்பலகையில் இழுத்த கோடோ, மழைக்கு ஒதுங்கிய பூரானின் தடம்போல் நெளிந்தது. "ச்சீ" என்று எலியைத் துறந்தான் வீரன். பட்டைத் தூரிகையை எடுத்தான். வெள்ளைக் காகிதத்தில் ஆயிரம் என எழுதி, அதன் கீழ் முந்நூற்றெண்பத்தேழை நிறுத்தி, கழித்தல் குறியிட்டு, காமிராவின் முன்னே வெற்றிக்கொடிபோல் உயர்த்திப் பிடித்தான்.

பிடித்தவன் திடுக்கிட்டான். தன் திரையின் மூலையில் தெரிந்த தன் உருவத்தின் கையில், காகிதம் முழுக்க எண்கள் இடவலமாகப் புரண்டு கிடந்தன.

இங்கே ஒரு செய்தியை ஒளிவின்றிச் சொல்லிவிடுகிறோம். அத்தகைய வகுப்புகளில் ஒருவனுக்கு அவன் முகம் கண்ணாடியில் காண்பதுபோல் புரண்டு தெரியும். எதிரே இருப்பவர்க்கு நேராகவே தெரியும். மற்ற தன்னார்வலர்கள் இதை அறிந்தாரல்லர். அறியாமலே பிழைத்துப் போயினர், ஏனெனில் அவர்களுக்குத் திருப்பி எழுதத் தெரியாது. நம் நாயகனுக்கோ அது கைவந்த கலை. "புரியுது, புரியுது. நாம உள்ள நிக்கிறோம், புள்ள வெளிய நிக்குது" என்று நகைத்தான், அக்காகிதத்தைக் கசக்கி எறிந்து புதுக் காகிதம் எடுத்தான், சூரியன் மேற்கே உதித்தாற்போல் அத்தனை எண்களையும் அப்படியே புரட்டி எழுதினான். மூலையில் இருந்த தன் உருவத்தின் கையில் கணக்கு இப்போது நேராக நின்றது. ஐயம் தீரத் தன் மனையாளையும் அழைத்தான்.

"இங்க வந்து பாரு. நேரா தெரியுதா?"

அவள் ஈரக் கையோடு வந்து, திரையின் மூலையை உற்று நோக்கி, "நல்லாத்தான் தெரியுது. இதுக்கா கூப்பிட்ட?" என்று தீர்ப்பளித்துப் போனாள். ஒரு சாட்சி வலுத்தபின் மூடத்தனத்தை அசைக்க எவரால் இயலும்?

மறுகரையில் செவுரு கண்டதோ வேறு. மேலே மூன்று சைபர்கள் இடப்புறம் வரிசைகட்டி நிற்க, வலக்கோடியில் ஓர் ஒன்று ஒண்டி நின்றது. கீழே எழுநூற்றெண்பத்து மூன்று, அதிலும் ஏழும் மூன்றும் கோபித்துக்கொண்ட சம்பந்திகள்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டு. பெரியவர் கையெழுத்தைக் குறை சொல்லலாகாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளை அவள். கண்டதைக் கண்டபடியே நோட்டில் எழுதிக்கொண்டாள்.

"வலது பக்கத்துல இருந்து ஆரம்பிம்மா. பத்தலைன்னா பக்கத்து வீட்டுல கடன் வாங்கு" என முழங்கினான் வீரன்.

அவள் வலக்கோடியில் தொடங்கினாள். ஒன்றின் கீழே ஏதுமில்லை, ஒன்றையே இறக்கினாள். அடுத்த வீட்டில் சைபர். அதிலிருந்து மூன்று போகாது.

"பக்கத்து வீட்டுலயும் சைபர்தான் சார்."

"அதுக்குப் பக்கத்து வீட்டுக்குப் போ."

"அங்கயும் சைபர்."

"விடாத! அதுக்கும் அடுத்த வீட்டுல ஒருத்தர் இருக்காரு, பெரிய கை!"

"அங்க வீடே இல்ல சார். பேப்பர் முடிஞ்சு போச்சு."

இடியுண்ட நாகம்போல் கலங்கினான் பெயிண்டர். கண்ணெதிரே ஆயிரத்தின் ஒன்று குன்றென நிற்க, இல்லை என்கிறதே இக்குழந்தை! "ஒண்ணு நிக்குதே கண்ணு, தெரியலையா?" என்று கதறினான். "அதத் தாண்டித்தான் சார் வந்தேன்" என்று அவள் விண்ட மறுமொழியோ பாதி வழியில் அறுந்தது. சிக்னல் தெய்வம் மலையேறிவிட்டது. உறைந்த திரையில் செவுரு வாய் பிளந்தபடி சிலையானாள். வீரனோ அச்சிலையை நோக்கியே கடன் வாங்கலின் மாண்பைக் கடல்மடை திறந்தாற்போல் சொற்பொழிவாற்றி முடித்தான். படம் மீண்டும் அசைந்தபோது அவள் கண்களில் நீர் கட்டியிருந்தது.

"எனக்கு வராது சார். கிளவுஸ அவளுக்கே குடுத்துடட்டும்."

அக்கணம் தோன்றினார் மாமா. அவள் தாயின் தம்பி, பேருந்து ஓட்டுநர், பணி முடிந்து, காக்கிச் சட்டையின் பித்தான்களைக் கழற்றியபடி, செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துக்கொண்டே அறையைக் கடந்தவர், திரையை ஓரக்கண்ணால் கண்டு நின்றார். பின்னால் வரும் வாகனங்களைக் கண்ணாடியில் பார்த்தே வாழ்ந்த கண்கள் அவை.

"யாருடி இது? ஆம்புலன்ஸ் நெத்தியில எழுதுற மாதிரி எழுதி வெச்சிருக்காரு?"

"அவருதான் மாமா கணக்கு சாரு. மெதுவா பேசு."

மாமா மெதுவாகப் பேசும் மரபினர் அல்லர். எஞ்சின் இரைச்சலை வென்ற குரலில், "சார், எல்லாம் திரும்பிக் கெடக்கு!" என்று போர்முரசு அறைந்தார்.

"திருப்பி எழுதினாத்தாங்க உங்களுக்கு நேரா தெரியும்" என்று பதில் முரசு அதிர்ந்தது. "கண்ணாடியில எழுதுறதே என் தொழிலு. எனக்கா சொல்றீங்க?"

"கண்ணாடியில பாக்குறது என் தொழிலு சார். பாக்கலைன்னா நாப்பது பேரு ஆத்துல!"

தூரிகைக்கும் பக்கக் கண்ணாடிக்கும் மூண்ட அவ்வமரில், இரு மலைகள் மோதினாற்போல் இருவரும் ஒரே நேரத்தில் பேச, ஒருவர் சொல்லும் ஒருவர் காதில் விழவில்லை. நடுவே, பெனால்டி உதையை எதிர்நோக்குபவள்போல் அசையாதிருந்த செவுரு, திரையை நோக்கிச் சாய்ந்து, ஆசிரியரின் மார்பை உற்று நோக்கி, எழுத்தெழுத்தாகப் படித்தாள்.

"பெயிண்ட்... ஈரம். தொடாதே."

அது அவன் பனியனில் அச்சிட்டிருந்த வாசகம். அவன் திரையிலோ அது இடவலமாகப் புரண்டிருந்தது. அவள் வாயிலோ தடையின்றி நேராக வந்தது. குனிந்து பனியனைப் பார்த்தான். நிமிர்ந்து திரையைப் பார்த்தான். மீண்டும் குனிந்தான். கண்ணாடிகளை எல்லாம் வென்றவனை ஒரு கண்ணாடி வென்றுவிட்டது.

அறிந்தபின் அவன் தயங்கவில்லை. அதுவே அவன் பெருமை. "என் தப்பு கண்ணு. உனக்கு வரும். எனக்குத்தான் வரல" என்று உரைத்து, முதலில் தூக்கி எறிந்த காகிதத்தையே மேசைக்கடியிலிருந்து மீட்டு, கசங்கலை நீவி உயர்த்தினான். கண்டாள் செவுரு, கையை நீட்டினாள், சைபர், சைபர் என இரு வறிய வீடுகளைக் கடந்து மூன்றாம் வீட்டுச் செல்வனின் கதவைத் தட்டினாள். அவன் தன்னையே ஈந்து அழிந்தான். பத்தில் ஏழு போக மூன்று. ஒன்பதில் எட்டு போக ஒன்று. ஒன்பதில் மூன்று போக ஆறு. "அறுநூத்திப் பதிமூணு!" என்னும் ஆர்ப்பரிப்பில் மாமாவின் செம்பு சாய்ந்து மேசை நனைந்தது, எவரும் துடைக்கவில்லை. இன்னொன்று கேட்டாள், இன்னொன்று, அதற்கும் மேல் ஒன்று. சைபர்களின் கோட்டைகள் வரிசையாகச் சரிந்தன. மறுநாட்காலை அத்தேர்வுத்தாள் அவள் முன்னே, புலிமுன் புல்வாய்மான்போல் நடுங்கிக் கிடக்க, ஒரு கணக்கும் தப்பாமல் வென்று, கையுறைகளை மார்போடணைத்து, விசில் முழங்கக் களம் புகுந்தாள் செவுரு.

சனிக்கிழமை ஆறு கோல் விட்டாள்.